சண்டை விளையாட்டுக்கு ஒரு குள்ளக் கொல்லனை அடித்தெடுக்கும் முறை

நார்ஸ் தொன்மத்தை, அதாவது பழைய ஸ்காண்டிநேவியத் தெய்வக் கதைகளை, வைத்துச் சண்டை விளையாட்டு செய்ய முனைகிறவர்கள் பெரும்பாலும் தோர், ஓடின், லோகி ஆகிய மூவரையும் வரைந்து முடித்த பிறகே குள்ளக் கொல்லனிடம் வருகிறார்கள். வந்ததும் நீண்ட தாடி, பெரிய சுத்தியல், உருண்ட உடம்பு என்ற மூன்றையும் ஒட்டிவைத்து, மெதுவாக நகர்ந்து பலமாக அடிக்கும் முரடனாக அவனை விட்டுவிடுகிறார்கள். நாகர்கோவிலில் நண்பர்கள் சிலரோடு சேர்ந்து, கோடாட் என்னும் இலவச எஞ்சினில் இருவர் மோதும் 2டி விளையாட்டைச் செய்யத் தொடங்கியபோது என் முதல் கொல்லனும் அப்படித்தான் இருந்தான். சுத்தியலைப் பிடுங்கிவிட்டுக் கையில் ஓர் உலக்கையைக் கொடுத்திருந்தாலும் ஆட்டத்தில் எந்த வேறுபாடும் தெரிந்திருக்காது. கொல்லன் என்றால் ஆயுதம் வைத்திருப்பவன் அல்லன், ஆயுதம் செய்பவன். அந்தச் செய்கை சண்டைக்கு நடுவே, எதிராளியின் கண்முன்னால் நடக்கவேண்டும் என்பதிலிருந்துதான் வடிவமைப்பைத் தொடங்கவேண்டும்.

இதற்கான மூலப்பொருள் 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தின் ஸ்னோரி ஸ்டுர்லுசன் எழுதிய ‘உரைநடை எட்டா’ (Prose Edda) என்னும் தொன்மக்கதை நூலில் இருக்கிறது. தோரின் மனைவி சிஃபின் கூந்தலை லோகி வெட்டிவிட, அதற்கு ஈடாக இவால்டியின் மக்களான குள்ளர்கள் பொற்கூந்தலையும், ஒரு மாயக் கப்பலையும், ஓடினின் ஈட்டியான குங்னிரையும் செய்து தருகிறார்கள். இவற்றுக்கு நிகராக உன் அண்ணன் தம்பியால் செய்யமுடியாது என்று லோகி தன் தலையையே பந்தயமாக வைத்து இன்னொரு குள்ளனைச் சீண்டுகிறான். அந்தக் குள்ளனின் பெயர் பிரொக்கர், கொல்லுவேலை தெரிந்த உடன்பிறப்பின் பெயர் சிந்திரி. (என் நண்பர்கள் அதைப் ‘புரோக்கர்’ என்றே வாசித்து, மார்த்தாண்டத்தில் ரப்பர் தோட்டம் விற்றுத்தருகிறவரை நினைத்துச் சிரித்தார்கள், ஆகவே தமிழில் விளையாட்டு செய்கிறவர்கள் வேறு பெயர் தேடிக்கொள்வது நல்லது.) சிந்திரி உலையில் பொருளை இட்டு, தான் திரும்பும்வரை துருத்தியை நிறுத்தக்கூடாது என்று சொல்லிப்போகிறான். ஓர் ஈ வந்து பிரொக்கரைக் கடிக்கிறது. முதல்முறை கையில், இரண்டாம்முறை கழுத்தில், மூன்றாம்முறை கண்ணிமையில். முதல் இருமுறையும் அவன் அசையாததால் பொன்மயிர்ப் பன்றியும், ஒன்பது இரவுக்கு ஒருமுறை தன் எடையுள்ள எட்டு வளையங்களைச் சொட்டும் காப்பும் குறையின்றி வருகின்றன. மூன்றாம்முறை இரத்தம் கண்ணில் இறங்கவே, அவன் ஒரு கையை எடுத்து ஈயை விரட்டுகிறான். அந்த ஒரு கணத்தில் துருத்தி அமுங்கிவிட, தோரின் சுத்தியலான மியோல்னிர் குட்டைப் பிடியோடு பிறக்கிறது. அப்படியிருந்தும் நடுவர்களாக இருந்த தெய்வங்களான ஓடினும் தோரும் ஃபிரேயும் அந்தச் சுத்தியலுக்கே முதலிடம் கொடுத்தார்கள்.

சண்டை விளையாட்டு வடிவமைப்பாளருக்கு இதைவிடத் தெளிவான குறிப்பை யாரும் எழுதித் தரமுடியாது. கொல்லன் துருத்தி ஊதுகிறான், எதிராளி ஈயாக வந்து கெடுக்கிறான், கெட்ட பிறகும் கொல்லனுக்குக் கிடைப்பது வலிய ஆயுதம்தான், எட்டும் தூரம் மட்டுமே குறைகிறது. இந்த மூன்றையும் அப்படியே விதிகளாக்கலாம். பல விளையாட்டுகளில் சக்தியேற்றும் செயலை எதிராளி குறுக்கிட்டால் ஏற்றியது முழுவதும் போய்விடும். நம் கொல்லனுக்கு அப்படி வைக்கக்கூடாது. முதல் ஊதலிலோ இரண்டாம் ஊதலிலோ அடி வாங்கினால் அந்த ஊதல் மட்டும் வீணாகட்டும். மூன்றாம் ஊதலில் அடி வாங்கினால் சுத்தியல் முழு வலிமையோடு, ஆனால் குட்டைப் பிடியோடு கைக்கு வரட்டும். இதனால் எதிராளி எப்போது பாய்வது என்று ஒவ்வொருமுறையும் கணக்குப் போடவேண்டியிருக்கும். முன்கூட்டியே பாய்ந்தால் கொல்லன் ஊதுவதை விட்டுவிட்டுத் தடுத்துக்கொள்வான். தாமதித்தால் குட்டைச் சுத்தியலோடு ஒரு முரடன் அருகிலேயே நிற்பான்.

எண்களுக்கு வருமுன் ஒரு பட்டறையைப் பார்த்துவிட்டு வாருங்கள். நம் மாவட்டத்தில் வெட்டுகத்தி, பாளை அரிவாள், ரப்பர் பால்வெட்டும் கத்தி ஆகியவற்றின் தேவை இன்னும் இருப்பதால், உலை எரியும் பட்டறைகளும் அங்கங்கே இருக்கின்றன. திங்கள்சந்தைப் பக்கம் ஒரு பட்டறையில் அரை நாள் உட்கார்ந்திருந்ததில், இணையத்தில் ஒரு மாதம் தேடிக் கிடைக்காதது எனக்குக் கிடைத்தது. சிரட்டைக்கரி உலையின் காற்றாடியைச் சற்று நேரம் சுற்றிப்பார்க்கட்டுமா என்று கேட்டேன். ஆசாரி இடம்விட்டுக் கொடுத்துவிட்டு, “மக்களே, காத்து நிக்கப்பிடாது” என்று மட்டும் சொன்னார். சிந்திரியின் கட்டளையும் அதுதானே என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அங்கே கவனிக்கவேண்டியவற்றில் முதலாவது நிறம். இரும்பு ஏறத்தாழ 700 டிகிரி செல்சியஸில் மங்கிய சிவப்பாகவும், 950 அளவில் செம்மஞ்சளாகவும், 1100ஐ நெருங்கும்போது மஞ்சளாகவும் தெரியும். ஆசாரி எந்தக் கருவியும் இல்லாமல் இந்த நிறத்தைப் பார்த்தே எப்போது வெளியே எடுப்பது என்று முடிவுசெய்கிறார். எனவே திரையின் கீழே தனியாக ஒரு வெப்ப அளவுகோலை வரையாதீர்கள். கொல்லன் கையிலுள்ள இரும்பே முதல் ஊதலில் சிவந்து, இரண்டாவதில் செம்மஞ்சளாகி, மூன்றாவதில் மஞ்சளாகட்டும்; எதிராளியும் அதைப் பார்த்துத்தான் முடிவெடுக்கவேண்டும்.

இரண்டாவது ஒலி. பழுத்த இரும்பில் விழும் அடி மந்தமாகக் கேட்கிறது. வெறும் பட்டடையில் விழும் அடி கணீரென்று ஒலிக்கிறது. இதை நேராக விளையாட்டுக்குள் கொண்டுவரலாம்: எதிராளியின் உடம்பில் அடி விழுந்தால் மந்த ஒலி, அவர் தடுத்துவிட்டால் கணீர். ஓரிரு ஆட்டங்களிலேயே விளையாடுகிறவர் திரையைக் கவனிக்காமல் காதாலேயே தெரிந்துகொள்வார்.

மூன்றாவதுதான் மிக முக்கியம். மூத்தவர் சிறு சுத்தியலால் இரும்பில் ஓரிடத்தைத் தட்டிக்காட்ட, எதிரே நிற்பவர் அதே இடத்தில் சம்மட்டியை இறக்குகிறார். தட்டு, அடி, தட்டு, அடி என்று பேச்சே இல்லாமல் வேலை நடக்கிறது. நம் கொல்லனுக்கு அடிப்படைத் தாக்குதலாக இந்த இணையையே கொடுங்கள். வெறும் சம்மட்டி அடி மெதுவானது. தட்டு முதலில் பட்டுவிட்டால் அடி விரைவாக வரும்.

இனி எண்கள். சண்டை விளையாட்டுகள் வழக்கமாக நொடிக்கு 60 ஃபிரேம் (திரையில் அடுத்தடுத்து வரும் படங்கள்) ஓடுவதால் ஒரு ஃபிரேம் என்பது ஏறத்தாழ 16.7 மில்லிநொடி, கோடாட்டிலும் இயற்பியல் கணக்கு இயல்பாகவே நொடிக்கு 60 முறை நடக்கிறது. கண்ணால் கண்டு கையை அசைக்க மனிதருக்கு 200 முதல் 250 மில்லிநொடி தேவைப்படும், அதாவது 12 முதல் 15 ஃபிரேம். ஆகவே தட்டின் தொடக்கம் (பொத்தானை அழுத்தியதிலிருந்து அடி படத் தொடங்கும்வரை ஆகும் நேரம்) 6 ஃபிரேமாக இருந்தால் அதைப் பார்த்துத் தடுக்க இயலாது, ஊகித்துத்தான் தடுக்கவேண்டும். தனித்த சம்மட்டி அடிக்கு 26 ஃபிரேம் தொடக்கம், 4 ஃபிரேம் தாக்கும் நேரம், 30 ஃபிரேம் மீளும் நேரம் என்று வைத்தேன். தட்டைத் தொடர்ந்து வரும் அடிக்குத் தொடக்கம் 18. ஓர் ஊதலுக்கு 40 ஃபிரேம், மூன்றும் சேர்ந்து 2 நொடி. பழுத்த சுத்தியலின் சூடு 6 நொடியில் ஆறிவிடும். அதைவிட நீட்டினால் எதிராளி ஓடி ஒளிந்துகொண்டே இருப்பார், ஆட்டம் சலித்துப்போகும்.

எட்டும் தூரத்தில் தயவு காட்டாதீர்கள். என் விளையாட்டில் சராசரி வீரனின் குத்து 90 பிக்சல் எட்டும், நீண்ட பிடிச் சுத்தியல் 120, குட்டைப் பிடி 84. ஒரு சாதாரணக் குத்தைவிட 6 பிக்சல் குறைவு என்பதுதான் குட்டைச் சுத்தியலை நியாயமாக்குகிறது. அதை 100 ஆக்கியபோது ஈயாக வருவதில் யாருக்கும் இலாபமே இல்லாமல் போயிற்று. ஹிட்பாக்ஸ் (எதிராளியைத் தாக்கும் பகுதி) சுத்தியலின் தலையில் மட்டும் இருக்கட்டும், பிடியில் வேண்டாம். கொல்லனின் ஹர்ட்பாக்ஸ் (அடி படக்கூடிய பகுதி) உயரம் குறைந்ததாகவும் அகலம் கூடியதாகவும் இருக்கவேண்டும். மேல்மட்டக் குத்துகள் அவன் தலைக்கு மேலே போகட்டும், ஆனால் கால்வாரல்களும் எறிகருவிகளும் தப்பாமல் படட்டும்.

இறுதித் தாக்குதலுக்கும் அதே கதைதான் கைகொடுக்கிறது. பந்தயத்தில் தோற்ற லோகி, தலை உன்னுடையது, கழுத்து உன்னுடையதல்ல என்று வாதாடித் தப்பிக்கப் பார்க்க, பிரொக்கர் அவன் உதடுகளைத் தைத்துவிடுகிறான். கத்தி தோலில் இறங்காததால் உடன்பிறப்பின் குத்தூசியால் துளையிட்டுத் தைத்தான் என்கிறது கதை. நிறைய இரத்தம் காட்டுவதைவிட, எதிராளியின் சிறப்புத் தாக்குதல்களை 2 நொடிக்கு முடக்குவதே இதன் சரியான பொருள் என்பது என் கருத்து. அதற்குமேல் போனால் விளையாடுகிறவர்கள் உங்கள் உதட்டைத் தைத்துவிடுவார்கள்.

தோற்றத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பழைய எட்டாப் பாடல்கள் குள்ளர்களை உயரம் குறைந்தவர்கள் என்று வற்புறுத்துவதில்லை. ஆல்விஸ் என்னும் குள்ளனைப் பார்த்து, உன் மூக்கைச் சுற்றி ஏன் இப்படி வெளிறியிருக்கிறது, பிணத்தோடு படுத்திருந்தாயா என்று தோர் கேட்பதாகவே ஒரு பாடல் சொல்கிறது. எனவே வெளிறிய முகத்தில் கரி அப்பிய கோலம் தாடியைவிடப் பொருத்தமானது. 2017இல் வெளிவந்த பிராவல்ஹல்லா என்னும் சண்டை விளையாட்டிலும் உல்கிரிம் என்ற குள்ளக் கொல்லர் உண்டு. அவர் கோடரியும் ராக்கெட் ஈட்டியும் ஏந்துகிறார். ஆனால் அந்த ஆயுதங்களை வேறு வீரர்களும் ஏந்துவதால் அந்த முறை நமக்கு முன்மாதிரியாகாது.

எல்லாம் முடிந்ததும், விளையாட்டைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் எதிராளியின் கட்டுப்பாட்டைக் கொடுத்து, விதிகளைச் சொல்லாமல் பத்து ஆட்டம் ஆடவிடுங்கள். ஒவ்வொருமுறையும் அவர் எந்த ஊதலில் பாய்ந்தார் என்று ஒரு தாளில் 1, 2, 3 என்று குறியுங்கள். எல்லாம் 1 என்றே வந்தால் ஊதலின் நேரத்தை 40இலிருந்து 34 ஆகக் குறையுங்கள். எல்லாம் 3 என்று வந்தால் குட்டைப் பிடியில் இன்னும் சில பிக்சல்களைக் கூட்டுங்கள். மூன்று எண்களும் கலந்து வரும்வரை தாடியின் மயிரை வரையத் தொடங்கவேண்டாம்.