பாதரசம் கலந்த மண்ணில் விளைந்த காய்: சாப்பிடலாமா என்று முடிவு செய்வது எப்படி?

மண்ணில் பாதரசம் இருக்கிறது என்று தெரிந்ததும் செடியை எல்லாம் பிடுங்கி எறிய வேண்டியதில்லை. அதில் பெரும்பகுதி மண்ணில் மக்கிய பொருளோடு ஒட்டிக்கொண்டு அங்கேயே நிற்கும். செடிக்குள் போவதிலும் பெரும்பங்கு வேரிலேயே தங்கிவிடும். காயைவிட, காயில் ஒட்டி வரும் மண்தான் பல நேரம் பெரிய தொல்லை.

1. எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்
உடைந்த தெர்மாமீட்டர் என்றால் பாதிப்பு ஓரிடத்தில்தான். வெள்ளி மணிகள் கண்ணில் பட்டால் கையால் தொடாதீர்கள், துடைப்பத்தால் கூட்டாதீர்கள். பழைய தொழிற்சாலை, சுரங்கம் என்றால் நிலம் முழுக்கச் சந்தேகம்தான்.

2. மண்ணைச் சோதியுங்கள்
பாத்தியில் எட்டுப் பத்து இடங்களில், 15 செ.மீ. ஆழம் வரை மண் எடுத்துக் கலந்து, கண்ணாடி பாட்டிலில் இறுக மூடுங்கள். வெயிலில் காயவைக்க வேண்டாம், பாதரசம் ஆவியாகிவிடும். ஆய்வகத்தில் ‘மொத்தப் பாதரசம்’ என்று தனியாகக் கேளுங்கள். வழக்கமான உரச்சத்துப் பரிசோதனையில் இது வராது.

3. கணக்குப் போடுங்கள்
இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பான எஃப்.ஏ.ஓ.வும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு 2010இல் கனிமப் பாதரசத்துக்கு (கார்பனோடு சேராத பாதரசம்) ஒரு வரம்பு வைத்தது: உடல் எடையில் கிலோவுக்கு, வாரத்துக்கு 4 மைக்ரோகிராம். 15 கிலோ குழந்தைக்கு அது 60. மண்ணில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் இருந்தால், ஒரு கிராம் மண்ணிலேயே 20 மைக்ரோகிராம். சரியாகக் கழுவாத கீரையோடு வாரத்தில் மூன்று கிராம் மண் உள்ளே போனால் வரம்பு முடிந்தது! கனடாவில் விவசாய மண்ணுக்கான வழிகாட்டு அளவு கிலோவுக்கு 6.6 மில்லிகிராம். அதைத் தாண்டினால் அந்த மண்ணில் சாப்பாட்டுக்கு எதுவும் போடாதீர்கள் என்பேன்.

4. பயிரைத் தேர்ந்தெடுங்கள்
தக்காளி, கத்தரி, வெண்டை போல மேலே காய்ப்பவை ஓரளவு நிம்மதி. முள்ளங்கி, கேரட் போன்றவை மண்ணுக்குள்ளேயே கிடப்பவை. தோலை நன்றாகச் சீவியே ஆக வேண்டும். கீரை தனி ரகம். மண்ணிலிருந்து எழும் பாதரச ஆவியை இலை நேராக உறிஞ்சும், அது கழுவினால் போகாது. நெல்லைத் தவிர்த்துவிடுங்கள்: தேங்கிய நீரில் நுண்ணுயிரிகள் பாதரசத்தை மெத்தில் பாதரசம் என்ற கார்பன் சேர்ந்த வடிவமாக மாற்றும். கனிமப் பாதரசத்தைவிட அது உடலில் மிக எளிதில் ஏறும். காளானும் வேண்டாம்.

5. கழுவுங்கள்
ஓடும் தண்ணீரில், காம்பு இடுக்கு வரை. வேகவைத்தால் போய்விடும் என்று நம்பாதீர்கள். அது தனிமம், சமையல் சூட்டில் சிதையாது.

அப்புறம், மண்ணில் உள்ள அளவு அந்த 6.6 மில்லிகிராமை ஒட்டி வந்தால் காயையே ஆய்வகத்துக்கு அனுப்பிவிடுங்கள். வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருந்தால், முடிவு வரும் வரை வேறிடத்துச் சுத்தமான மண் நிரப்பிய தொட்டியில் வளருங்கள். தொட்டியைப் பழைய பாத்தியை விட்டுத் தள்ளியே வையுங்கள்.