யாருக்கும் காட்டாத நோட்டு: எழுத ஆரம்பிப்பது எப்படி?

புது வருசத்துக்குக் கடைக்காரர் கொடுத்த டைரியில் பொங்கல் வரைக்கும் எழுதிவிட்டு, அப்புறம் அதையே பால் கணக்கு நோட்டாக்கிவிடுவதுதான் நம்ம ஊர் வழக்கம். நான் சொல்ல வருவது அந்த டைரி இல்லை. அன்றாடம் மனசில் ஓடுவதை நமக்காக மட்டும் எழுதி வைக்கும் நோட்டு. அழகான தமிழ் வேண்டாம், பிழை பார்க்க வேண்டாம். எதற்குக் கோபம் வருகிறது, எது தூங்கவிடாமல் செய்கிறது என்று நாமே கண்டுபிடிக்கத்தான் இது. மனசிலேயே வைத்திருந்தால் அது தினம் கதையை மாற்றிச் சொல்லும், தாளில் எழுதியது மாறாது.

1. நோட்டு வாங்குங்கள்

தோல் அட்டை போட்ட, தொடவே பயமாக இருக்கும் நோட்டு வேண்டாம். பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் 80 பக்கக் கோடு போட்ட நோட்டு போதும். ஏற்காட்டில் இருப்பவர்கள் மட்டும் கவனிக்க: மழைக்காலத்தில் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து போகிற ஊர், தாள் நமுத்துப்போகும், மைப்பேனாவில் எழுதினால் பரவிவிடும். அதனால் பால்பாயின்ட் பேனா, எழுதி முடித்ததும் நோட்டு பிளாஸ்டிக் கவருக்குள்.

2. ஒளித்து வைக்க இடம் பாருங்கள்

இதைப் பலரும் லேசாக விட்டுவிடுகிறார்கள். யாராவது படித்துவிடுவார்களோ என்ற பயம் ஓரத்தில் இருந்தாலே கை நல்ல பிள்ளையாக எழுத ஆரம்பித்துவிடும், அப்புறம் அந்த நோட்டில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். சேலம் அம்மாப்பேட்டை பக்கம் முன்னறையில் தறி, பின்னால் சமையல், நடுவில் எல்லோருக்கும் படுக்கை என்று இருக்கிற வீட்டில் தனி டிராயருக்கு எங்கே போவது? பீரோவும் சரிப்படாது, அதன் சாவி இருக்கும் இடம் வீடு முழுக்கத் தெரியும். வேலைக்குப் போகிறவர் பையின் அடியில் வைக்கலாம். அட்டையில் ‘சீட்டுக் கணக்கு’ என்று எழுதினால் நிச்சயம் யாராவது திறந்து பார்ப்பார்கள். ‘டைப்ரைட்டிங் லோயர்’ என்று எழுதுங்கள், ஒருவரும் தொட மாட்டார்கள். ஆட்களின் பெயருக்கு உங்களுக்கு மட்டும் தெரிந்த பட்டப்பெயர் வைத்துக்கொள்ளுங்கள்.

போனில் எழுதலாமா? எழுதலாம், ஆனால் நடுவில் ஒரு வாட்ஸ்அப் வந்தால் போச்சு.

3. பத்து நிமிடம் ஒதுக்குங்கள்

20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காடு ஏரிக்கரையில் உட்கார்ந்தால்தான் எழுத்து வரும் என்று சிலர் நினைக்கிறார்கள். அங்கே போனால் போட்டோதான் எடுப்பீர்கள். சமையல்கட்டு மேடை, மொட்டை மாடி, புது பஸ் ஸ்டாண்டில் பஸ் கிளம்பும் வரை ஜன்னல் சீட், எதுவும் சரி. ஒரு நாள் விட்டுப்போனால் அடுத்த நாள் இரண்டு நாளுக்கும் சேர்த்து எழுத உட்காராதீர்கள், விட்டது விட்டதுதான்.

4. என்ன எழுதுவது?

ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் எழுதிய தமிழ் நாட்குறிப்பில் கப்பல், வியாபாரம், துரைமார் பேச்சு என்று ஊர் நடப்பு நிறைய. நமக்கு வேண்டியது உள் நடப்பு. ‘இன்று மனசு சரியில்லை’ என்று எழுதினால் அடுத்த மாதம் படிக்கும்போது ஒன்றும் புரியாது. இப்படி எழுதிப் பாருங்கள்:

‘சாயங்காலம் ஆறரை. அஞ்சு ரோடு சிக்னல். பெரிய மாமா போன். “எப்ப வர்றே”ன்னு மட்டும்தான் கேட்டார். தொண்டை அடைச்சுது. கடன் வாங்கினதைச் சொல்லிக்காட்டப் போறார்னு நினைச்சேன். அவர் அதைப் பத்திப் பேசவே இல்லை.’

எங்கே, என்ன நடந்தது, உடம்பு என்ன செய்தது, அந்த நொடி என்ன நினைத்தோம். கடைசி வரியைக் கவனியுங்கள், மாமா சொன்னதும் நாம் நினைத்துக்கொண்டதும் அங்கேதான் தனித்தனியாகப் பிரிகிறது. ‘நான் ஏன் இப்படி இருக்கேன்’ என்று எழுத ஆரம்பித்தால் புலம்பலில்தான் போய் முடியும். ‘எப்போது, யார் முன்னால், எதற்கு அப்புறம்’ என்று கேளுங்கள்.

5. மனசு கனத்தால்

ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986-ல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாள், தினம் 15 நிமிடம், தங்களை மிகவும் பாதித்த சம்பவத்தைப் பற்றி எழுதச் சொன்னார். நடந்ததோடு அப்போதைய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் எழுதி முடித்தவுடன் வாடித்தான் போனார்கள். ஆனால் அடுத்து வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவரிடம் போனது குறைந்திருந்தது. அதனால் எழுதியதும் கொஞ்சம் கனமாக இருந்தால் பயப்பட வேண்டாம், முகம் கழுவிவிட்டு ஒரு டீ குடியுங்கள். எழுத எழுத நாளுக்கு நாள் மோசமாகிறது என்றால் நிறுத்திவிட்டு ஆளிடம் பேசுங்கள். அரசின் மனநல உதவி எண் (டெலி மானஸ்) 14416, இலவசம்.

6. மாதம் ஒருமுறை படியுங்கள்

தினம் புரட்டாதீர்கள். மாசக் கடைசியில் பென்சிலோடு உட்கார்ந்து, திரும்பத் திரும்ப வருவதை மட்டும் கோடு போடுங்கள். மாமா மேல்தான் கோபம் என்று நினைத்திருப்பீர்கள், பார்த்தால் தொண்டை அடைத்த நாளெல்லாம் வட்டி கட்டும் வாரமாக இருக்கும். அப்போது மாமாவிடம் சண்டைக்குப் போவதா, கடனுக்கு வழி பார்ப்பதா என்பது தானாகத் தெரிந்துவிடும்.

நோட்டு தீர்ந்தால் கோடு போட்டதை மட்டும் அடுத்த நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டு, பழையதைக் கிழித்துவிடுவது என் பழக்கம். வைத்திருக்க ஆசையென்றால் வைத்திருங்கள். எடைக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள், மாமியாரைப் பற்றி நீங்கள் எழுதின பக்கத்தில் யாருக்காவது தட்டுவடை செட் மடித்துக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.