ஸ்காரப் தாயத்து: விளக்கம் சொல்பவர்கள் சறுக்கும் இடங்கள்

அருங்காட்சியகத்தின் எகிப்தியக் கூடத்தில் விளக்கம் சொல்லப் பழகும் பிள்ளைகளின் குறிப்புகளைத் திருத்தும்போதெல்லாம் என் பழைய தவறுகள் அப்படியே திரும்பி வருகின்றன. ஸ்காரப் என்பது சாணி உருட்டும் வண்டு, காலைச் சூரியனான கெப்ரியின் வடிவம் என்பதில் யாரும் தவறுவதில்லை. அதை விட்டுவிடுகிறேன்.

இதயத்தை எடுத்துவிட்டு ஸ்காரப் வைத்தார்கள் என்பது

இதைப் படித்தால் எனக்கு இன்றும் கோபம் வரும். இதையே நான் கையேட்டில் எழுதி, அச்சாகியும் வந்துவிட்டது. மம்மியின் ஸ்கேன் படத்துக்கு முன் நின்ற ஒரு பள்ளி மாணவி, "இதயம் உள்ளேயே இருக்கே?" என்று கேட்டாள். அத்தனை பிரதிகளையும் தூக்கிப்போட வேண்டியதாயிற்று.

நுரையீரல், கல்லீரல், இரைப்பை, குடல் ஆகியவற்றை வெளியே எடுத்தார்கள். இதயத்தைப் பெரும்பாலும் உள்ளேயே விட்டார்கள். அறிவும் நினைவும் அங்கேதான் என்று நம்பினார்கள். அப்படியானால் நெஞ்சின் மேல் பச்சைக்கல் வண்டு எதற்கு? அதன் தட்டையான அடிப்பக்கத்தைப் பாருங்கள். இறந்தவர்களுக்கான மந்திரத் தொகுப்பான இறந்தோர் நூலின் 30பி மந்திரம் வரிவரியாகச் செதுக்கியிருக்கும். 'என் தாய் தந்த இதயமே, எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல எழாதே' என்று இறந்தவர் தம் இதயத்திடமே கெஞ்சுகிறார். இறந்தபின் நடக்கும் விசாரணையில், தராசின் ஒரு தட்டில் அந்த இதயம், மறுதட்டில் உண்மையின் தெய்வமான மாஅத்தின் இறகு. தோற்றால் அம்மிட் என்ற கொடிய மிருகம் இதயத்தை விழுங்கிவிடும், அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

மனசாட்சி என்ற நம் சொல்லைப் பிரித்துப் பாருங்கள்: மனம், சாட்சி. அவர்களுக்கு அது உண்மையாகவே எழுந்து நின்று பேசிவிடக்கூடியது. அதன் வாயைக் கட்டத்தான் இந்த வண்டு. இதயத்துக்குப் பதிலாக வைத்தது என்று எழுதினால் அந்தப் பயமே காணாமல் போகிறது. அரசி ஹட்செப்சுட்டின் உயர் அதிகாரி செனென்முட்டின் தாய் ஹத்னோஃபரின் கல்லறையில் 1936இல் கிடைத்த இதய ஸ்காரப்பில் தங்கக் கம்பிகளைப் பின்னிச் செய்த சங்கிலி இருக்கிறது. அவ்வளவு அக்கறையாகச் செய்திருக்கிறார்கள்.

பெயரை வைத்துக் காலம் சொல்வது

மன்னர் மூன்றாம் துட்மோஸின் மென்கெபெர்ரே என்ற பெயரை, அவர் இறந்து பல நூற்றாண்டுகள் கழித்தும் ஸ்காரப்களில் பொறித்தார்கள். பெயரைப் படித்தவுடன் அவர் காலத்தது என்று எழுதிவிடாதீர்கள்.

எல்லாமே கல்லறைப் பொருள் என்பது

இல்லை. சின்ன ஸ்காரப்கள் பல, மோதிரத்தில் கோத்து முத்திரை குத்தப் பயன்பட்டவை. அப்புறம், மன்னர் மூன்றாம் அமென்ஹோடெப் தாம் 102 சிங்கங்களைக் கொன்றதை ஸ்காரப்பில்தான் பொறித்து அறிவித்தார்.

சிறகு விரித்த ஸ்காரப்பைக் கழுத்தணி என்பது

ஓரத்துத் துளைகளைப் பாருங்கள். மம்மியின் மேல் தைப்பதற்கு.