‘இனம்’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? பூர்வீகம் முழுதாகத் தெரியாதவர்களுக்கு

மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் சீன முகமும் நெற்றியில் பொட்டும் கழுத்தில் தாலியுமாக வாழ்ந்த பாட்டிகள் பலர் உண்டு. வறுமையாலும், புலி ஆண்டில் பிறந்த பெண் குடும்பத்துக்கு ஆகாது என்ற நம்பிக்கையாலும் (1938, 1950 இரண்டும் புலி ஆண்டுகள்) சீனக் குடும்பங்கள் கொடுத்துவிட்ட பெண் குழந்தைகளைத் தமிழர்கள் எடுத்து வளர்த்தார்கள். பல குழந்தைகள் கைமாறியபோது ஒரு துண்டுக் காகிதம்கூட எழுதப்படவில்லை. ஜப்பான்காரன் காலத்தில் (இரண்டாம் உலகப் போரின்போது) ஜப்பானியர் ஆட்களைக் கொண்டுபோய் வேலை வாங்கிய சயாம் மரண ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாதவர்களின் பிள்ளைகளிலும், வளர்த்தவர் பெயர் மட்டும் தெரிந்து பெற்றவர் ஊர் தெரியாமல் போனவர்கள் இருக்கிறார்கள்.

என் அம்மாவின் அம்மா அப்படி எடுத்து வளர்க்கப்பட்டவர். அதனால் இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. பாரத்தில் ‘பங்சா’ (மலாயில் இனம்) என்ற கட்டத்தைப் பார்த்துத் தயங்கும் பேரப்பிள்ளைகளுக்காக, தொடங்குவது எப்படி என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: மூன்று பத்திகள் போடுங்கள்

ஒரு தாளில் மூன்று பத்திகள். முதல் பத்தியில் பத்திரத்தில் உள்ளவை மட்டும். இரண்டாவதில் வீட்டில் சொல்லிக் கேட்டவை. சொன்னவர் யார் என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். மூன்றாவதில் நீங்கள் வாழும் வாழ்க்கை: வீட்டில் பேசும் மொழி, படித்த பள்ளி, கொண்டாடும் பண்டிகை, இழவு வீட்டில் செய்யும் சடங்கு.

இந்த மூன்றையும் கலக்காமல் வைத்திருப்பதுதான் முக்கியம். ‘பாட்டி சீனர்’ என்பது பலருக்கு இரண்டாவது பத்திச் செய்தி. அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதை முதல் பத்திக்கு ஏற்றிவிட்டால் பிறகு வரும் எல்லாமே ஆட்டம் காணும்.

படி 2: பெரியவர்களிடம் கேளுங்கள்

பத்திரங்களைத் தேடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். பத்திரம் அடுத்த வருடமும் இருக்கும். எண்பது வயது அத்தைக்கு நினைவு அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது.

“நாம என்ன இனம்?” என்று நேராகக் கேட்டால் பெரும்பாலும் “தமிழர்தான், வேற என்ன?” என்று முடித்துவிடுவார்கள். “பாட்டிக்கு யார் பேர் வச்சா?”, “எந்தத் தோட்டத்துல எந்த லயத்துல இருந்தாங்க?” (லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு), “அவங்களைப் பார்க்க யாராவது வந்து போனாங்களா?” என்று கேளுங்கள். ஆட்கள், இடங்கள் வழியாகக் கேட்டால் நினைவு தானாக வரும்.

ஒரு எச்சரிக்கை. “நாங்க நாகப்பட்டினத்துலேருந்து வந்தோம்” என்று சொன்னால் அதையே சொந்த ஊராக எழுதிவிடாதீர்கள். அது கப்பல் ஏறிய துறைமுகமாக மட்டும் இருக்கலாம். உள்மாவட்டக் கிராமங்களிலிருந்து வந்து அங்கே ரஜூலா கப்பல் ஏறியவர்கள் ஏராளம். அதேபோல், தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்துத் தமிழராகவே ஆகிவிட்ட தெலுங்கு, மலையாளக் குடும்பங்களும் உண்டு. வீட்டில் தாத்தாவை எப்படி அழைத்தார்கள் என்ற ஒரு கேள்வி அதைக் காட்டிக்கொடுக்கலாம்.

பெரியவர் பேச விரும்பவில்லை என்றால் விட்டுவிடுங்கள். கொடுக்கப்பட்ட குழந்தை என்ற வலியை அறுபது எழுபது வருடம் மூடி வைத்தவரிடம் அதைத் திறக்கச் சொல்லும் உரிமை நமக்கு இல்லை.

படி 3: பத்திரங்கள்

சூராட் பெரானாக் (பிறப்புச் சான்றிதழ்), பழைய ஐசி (அடையாள அட்டை இங்கே 1948இல், கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்கு எதிரான அவசரகாலத்தில் வந்தது), தேவாலயத் திருமணப் பதிவு, பள்ளிச் சான்றிதழ், கிடைத்தால் தோட்டத்துச் செக்ரோல் (தொழிலாளர் பெயர்ப் பதிவேடு). பார்க்கும்போது ஒன்றை மனதில் வையுங்கள்: அந்தக் கட்டத்தை நிரப்பியவர் கிராணியாகவோ குமாஸ்தாவாகவோ இருந்திருப்பார், முகத்தையும் பெயரையும் பார்த்து எழுதியிருப்பார். 1952ஆம் ஆண்டின் தத்தெடுப்புச் சட்டப்படி நீதிமன்றம் போனவர்களுக்கோ வளர்த்தவர் பெயரிலேயே புதுப் பிறப்புச் சான்றிதழ் கிடைக்கும். ஆகவே முதல் பத்தியும் முழு உண்மை அல்ல.

படி 4: டிஎன்ஏ சோதனை வேண்டுமா?

வேண்டியதில்லை. செய்தால் என்ன கிடைக்கும் என்று தெரிந்து செய்யுங்கள். ஒரு பாட்டியிடமிருந்து ஏறத்தாழ 25 சதவீதம், கொள்ளுப்பாட்டியிடமிருந்து ஏறத்தாழ 12.5 சதவீதம் வருகிறது; ஆளுக்கு ஆள் கூடும், குறையும். கிழக்காசிய வம்சாவளியைத் தெற்காசியத்திலிருந்து பிரித்துக் காட்டுவதில் சோதனை நன்றாகவே வேலை செய்யும். தமிழரா தெலுங்கரா என்று கேட்டால் தடுமாறும். நிறுவனம் தன் ஒப்பீட்டுத் தொகுப்பை மாற்றும்போது உங்கள் சதவீதமும் மாறும். தாய்வழிச் சோதனை அம்மாவின் அம்மாவின் அம்மா என்று ஒரே கோட்டில்தான் போகும். ஐந்து தலைமுறைக்கு முன் உங்களுக்கு இருந்த 32 பேரில் ஒருவரைப் பற்றி மட்டுமே அது பேசுகிறது. இன்னொன்று: உங்கள் முடிவு உங்கள் அண்ணன், தங்கையின் ரகசியத்தையும் திறக்கும். அவர்களிடம் முதலில் சொல்லுங்கள்.

படி 5: கேட்பவர் யார் என்று பாருங்கள்

அரசாங்கப் பாரம் கேட்டால், உங்கள் அரசாங்கப் பதிவில் உள்ளதை எழுதுங்கள். அங்கே வரலாறு எழுத இடமில்லை. பத்திரத்துக்குப் பத்திரம் மாறினால் சிக்கல் உங்களுக்குத்தான். சிங்கப்பூரில் 2011 முதல் இரட்டை இனம் பதியலாம். வீவக (அரசாங்க வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடுகளின் இன ஒதுக்கீட்டுக்கு முதலில் வரும் இனத்தைத்தான் கணக்கில் எடுப்பார்கள், அதனால் வரிசையை யோசித்து வையுங்கள். பத்திரத்தில் வருவதெல்லாம் ரத்தம் சார்ந்தது என்றும் நினைக்க வேண்டாம். மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 160ஆவது பிரிவு மலாய்க்காரர் யார் என்று சொல்லும்போது சமயம், பேசும் மொழி, பழக்கவழக்கம் இவற்றைத்தான் முன்வைக்கிறது.

மருத்துவரிடம் விஷயம் வேறு. அங்கே ‘இந்தியர்’ என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கும் கார்பமசெபின் மருந்து, எச்எல்ஏ-பி 1502 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்குத் தோல் உரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். சீனர், மலாய்க்காரர், தாய்லாந்துக்காரரிடையே அது அதிகம். உங்கள் முகத்தில் சீனச் சாயல் துளியும் இல்லாமல் இருக்கலாம். பாட்டியிடமிருந்து அந்த ஒன்று மட்டும் வந்திருக்கலாம். தலசீமியா போன்ற ரத்தக் கோளாறுகளுக்கும் இதே பேச்சு. “அம்மா வழிப் பாட்டி சீனராக இருக்கலாம், உறுதியில்லை” என்ற ஒரு வாக்கியம் போதும். மருத்துவருக்கு உங்கள் ‘உறுதியில்லை’யும் பயன்படும் தகவல்தான்.

பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் கேட்டால்? சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம்.

படி 6: உங்கள் வாக்கியத்தை எழுதுங்கள்

மூன்றாவது பத்தியில் தொடங்கி, பிறகு முதல், இரண்டாவது என்று போங்கள். என்னுடையது இது: “நான் மலேசியத் தமிழச்சி. அப்பா வழி தமிழ். அம்மா வழிப் பாட்டியைத் தமிழ்க் குடும்பம் எடுத்து வளர்த்தது. அவர் சீனராகப் பிறந்தவர் என்று வீட்டில் சொல்வார்கள், பத்திரம் இல்லை.”

‘கால்வாசிச் சீனர்’ என்று அதில் நான் எழுதவில்லை. அளக்காத ஒன்றுக்கு எண் கொடுக்கக் கூடாது. சீன மொழியோ சடங்கோ அறியாத நான் என்னைச் ‘சீனர்’ என்றும் எழுதவில்லை. ஆனால் பாட்டியை விட்டுவிடவும் இல்லை.

சத்தமாக ஒருமுறை வாசித்துப் பாருங்கள். எந்த இடத்தில் குரல் தயங்குகிறதோ அங்கே ‘சொல்வார்கள்’, ‘இருக்கலாம்’, ‘தெரியவில்லை’ இவற்றில் ஒன்று வர வேண்டும். தாளின் கீழே தேதி போட்டு, அத்தையிடம் கேட்டவற்றோடு சேர்த்து ஒரே உறையில் வையுங்கள். புதிதாக ஒரு பத்திரமோ உறவினரோ கிடைத்தால் பழையதைக் கிழிக்காமல் அடியில் சேர்த்து எழுதுங்கள்.