"எப்படிப் போட்டாய்?" என்று எப்போது கேட்பது

மனக்கணக்கு வகுப்பில் பல வருடம் நான் செய்த தவறு இதுதான். விடை சரி என்றால் "வெரிகுட்". தப்பு என்றால் மட்டும் "எப்படிப் போட்டாய்?" பிள்ளைகள் விவரமானவர்கள். மிஸ் "எப்படி" என்று ஆரம்பித்ததுமே விடை தப்பு என்று ஊகித்து வேறு எண்ணுக்குத் தாவினார்கள். ஆகவே சரியான விடைக்கும் அதே கேள்வியை, அதே முகத்தோடு கேளுங்கள். முகம்தான் கஷ்டம். என் புருவம் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், விடைகள் வரும்போது பலகையைப் பார்த்து நின்றுகொள்வேன்.

கணக்கைப் படுக்கைவாக்கில் எழுதுங்கள்: 63 − 28. ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதினால் மூளை உடனே கடன் வாங்கக் கிளம்பிவிடும். பென்சில் பைக்குள் போகட்டும். விடை கிடைத்தவர்கள் கை தூக்க வேண்டாம், கட்டை விரலை நெஞ்சருகே வைத்தால் போதும். பக்கத்தில் ஒரு கை உயர்ந்ததும் பாதிப் பேர் யோசிப்பதை விட்டுவிடுகிறார்கள்.

அப்புறம் காத்திருங்கள். மேரி பட் ரோவ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் கவனித்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் பொறுத்தார்கள். அதை 3 நொடியாக்கியதும் பதில்கள் நீண்டன. மனக்கணக்குக்கு 3 நொடியும் பத்தாது. நான் மனதுக்குள் 30 வரை எண்ணுவேன்.

வருகிற விடைகளையெல்லாம் எழுதுங்கள். எங்களுக்கு ஒருநாள் 35-ம் 45-ம் வந்தன. ஒருவன் சொன்னான்: "28-ஐ 30 ஆக்கினேன். 63-ல் 30 போனா 33. ரெண்டு அதிகமா எடுத்துட்டேன், திருப்பிக் கொடுத்தா 35." இன்னொருத்தி 28-லிருந்து 30, அங்கிருந்து 63 என்று ஏறியிருந்தாள். 45 சொன்னவன் எழுந்தான்: "60-ல் 20 போனா 40. 8-ல் 3 போனா 5. 45." நான் வாய் திறக்கவில்லை. அதுவரை பேசாத ஒருத்தி, "நானும் 40 வரைக்கும் அப்படித்தான் மிஸ். ஆனா 3-லேர்ந்து 8 எடுக்கணுமே, 5 பத்தலை. அந்த அஞ்சை 40-ல எடுத்துக்கிட்டேன்" என்றாள். 45-க்காரன் நெற்றியில் அடித்துக்கொண்டு, "என் 5-ஐக் கூட்டக் கூடாது, கழிக்கணும்" என்றான். நான் விளக்கியிருந்தால் இதில் பாதிகூட வந்திருக்காது.

பலகையில் எழுதும்போது அவர்கள் சொல்வதை மட்டும் எழுதுங்கள். ஒருமுறை 18 × 5-க்கு ஒரு பெண் "ரெண்டாப் பிரிச்சேன்" என்றதும் நான் முந்திக்கொண்டு 10 × 5, 8 × 5 என்று எழுதிவிட்டேன். "நான் அப்படிப் போடலை மிஸ்" என்று முனகினாள். அவள் 18-ஐப் பாதியாக்கி, 5-ஐ இரட்டிப்பாக்கி, 9 × 10 போட்டிருந்தாள். அவளை மறுபடி பேசவைக்கச் சில வாரம் ஆனது. இப்போது ஒவ்வொரு வரிக்கும் "நீ சொன்னதைத்தான் எழுதியிருக்கேனா?" என்று கேட்கிறேன்.

"தெரியலை, டக்குனு வந்துச்சு" என்பவர்களிடம் "விளக்கு" என்று சொல்லாதீர்கள். "முதலில் எந்த எண்ணைத் தொட்டாய்?" என்று கேளுங்கள், மீதி தானாக வரும். மனதுக்குள்ளேயே கடன் வாங்கிக் கழித்தேன் என்று ஒருவர் சொன்னால் அதையும் எழுதுங்கள், அதுவும் வழிதானே.

15 நிமிடத்தில் நிறுத்திவிடுங்கள். அப்போதும் நெஞ்சில் கட்டை விரல் இருக்கிற பிள்ளைகளைக் குறித்துக்கொண்டால், மறுநாள் அவர்களிடமிருந்து ஆரம்பிக்கலாம்.