டேட்டாவைத் தின்றது யார்? கண்டுபிடித்த கதை

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்குக் கேபிள் இணைப்பு வரவில்லை, சிம் போட்ட ரவுட்டர்தான், அதனால் ஒவ்வொரு ஜிபிக்கும் காசு. மாதப் பேக் இருபது நாளில் தீர்ந்து, டாப்-அப் போட்டுப் போட்டுக் கையைக் கடித்தது. வீடியோ பார்க்கிறாய் என்று பையனைத் திட்டியிருக்கிறேன், அது தப்பு.

பழைய ரவுட்டர் ஒன்றில் ஓப்பன்டபிள்யூஆர்டி (OpenWrt, ரவுட்டர்களுக்கான இலவச இயங்குதளம்) ஏற்றி, சிம் ரவுட்டருக்கும் வீட்டுக்கும் நடுவே வைத்தேன். எந்தக் கருவிக்கு எவ்வளவு இறங்கியது, எவ்வளவு ஏறியது என்று தனித்தனியாகக் கணக்கு காட்டும் நிரல் அதில் போடலாம். (சிம் ரவுட்டரின் வைஃபையை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் பாதிக் கருவிகள் கணக்கில் சிக்காது.) மூன்றாம் நாள் பார்த்தால், ஏற்றுவதில் முதலிடம், கரடி வருகிறதா என்று பார்க்கத் தோட்டத்தில் மாட்டிய கேமரா! சில்வர் ஓக் ஆடினாலும் மூடுபனி நகர்ந்தாலும் அசைவு என்று எடுத்துக்கொண்டு, விடிய விடிய கிளவுடுக்கு அனுப்பியிருக்கிறது. 1 எம்பிபிஎஸ் (நொடிக்கு 1 மெகாபிட்) வேகத்தில் நாள் முழுக்க அனுப்பினால் 10.8 ஜிபி, யோசித்துப் பாருங்கள்.

சரி என்று மெமரி கார்டில் மட்டும் பதியும்படி மாற்றினேன், அசைவு பார்க்கும் பகுதியையும் கேட் அளவுக்குச் சுருக்கினேன். அப்புறம் லேப்டாப்பில் இந்த வைஃபையை 'மீட்டர்டு' (அளவோடு செலவழிக்க வேண்டிய இணைப்பு) என்று குறித்தேன். இந்த மாதம் டாப்-அப் போடவே இல்லை. பையனிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டேன்.