பெண் டாரன்டுலாவுக்கு முட்டை இருக்கிறதா? பார்க்கும்போது செய்யக்கூடாதவை

கோலாலம்பூரில் டாரன்டுலா என்ற பெரிய மயிர்ச் சிலந்தியை வளர்க்கும் நண்பர்கள், ஜோடி சேர்த்த மூன்றாவது வாரமே படம் அனுப்பிவிடுவார்கள். "வயிறு பந்து மாதிரி ஆகிவிட்டது, முட்டைதானே?" என்று கேட்பார்கள். நன்றாகத் தின்ற பெண்ணுக்கும் தோல் உரிக்கப் போகிற பெண்ணுக்கும் வயிறு அப்படித்தான் இருக்கும். அதை மட்டும் வைத்து நான் பதில் சொல்வதில்லை.

அதற்காக விரலால் அமுக்கிப் பார்க்கவே கூடாது. கோழியைத் தடவி முட்டை இருக்கிறதா என்று பார்ப்பார்களே, அந்தக் கைப்பழக்கம் சிலந்திக்கு ஆகாது. வயிற்றுத் தோல் அவ்வளவு மெல்லியது. கிழிந்தால் உடல் திரவம் வடிந்தே செத்துவிடும். மேசையிலிருந்து தவறி விழுந்தாலும் அதே கதிதான்.

பார்க்க வேண்டியது தேதியை. பெண் முழுதாக வளர்ந்த பிறகும் தோல் உரிக்கும். ஆணிடம் வாங்கிய விந்தைச் சேர்த்து வைக்கும் பையின் உட்தோலும் அதோடு கழன்று வந்துவிடும். சேர்த்ததெல்லாம் வீண், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் கடைசியாக எப்போது உரித்தது என்று பெட்டியிலேயே எழுதி ஒட்டுங்கள். உரித்துச் சில வாரம் கழித்து, உடல் இறுகி, வயிறு நிறையத் தின்ற பிறகு ஆணை விடுவதுதான் சரி. பசித்த பெண்ணிடம் விட்டால் ஆண் இரையாகிவிடும்.

உரித்த தோலைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த நீரில் ஊறவைத்து மெதுவாக விரித்தால், வயிற்றின் முன்பக்கத்து இரு நுரையீரல் தடங்களுக்கு நடுவே அந்தப் பை மடிப்பாகத் தெரியும். பெண்தான் என்பதற்கு அதுவே சாட்சி.

ஆணிலும் அவசரம் ஆகாது. கடைசித் தோலை உரித்த பிறகு அது ஒரு சிறு வலை பின்னி, விந்தை முன்கை நுனிகளில் ஏற்றிக்கொள்ளும். அதற்கு முன் விட்டால் பயனில்லை. தயாரான ஆண் தரையைத் தடதடவென்று தட்டும். சம்மதமுள்ள பெண் உள்ளிருந்து பதிலுக்குத் தட்டும். அந்தச் சத்தத்தை முதன்முதலில் கேட்ட இரவை நான் மறக்கவில்லை.

குளிர்நாட்டுக் குறிப்புகளைப் படித்துவிட்டு தினமும் தண்ணீர் தெளிப்பதும் தவறு. நம் ஊர்க் காற்றில் ஈரம் ஏற்கெனவே அதிகம். காற்றோட்டமில்லாத பெட்டியில் பூஞ்சணம் பிடிக்கும். ஏர்கோன் போட்ட அறைக்கு மட்டும் கணக்கு வேறு. இன்னொன்று, டிங்கிக்காகப் புகை அடிக்கும் நாள். அந்த மருந்து சிலந்தியையும் கொல்லும். ஜன்னலை மூடி, பெட்டியை உள்ளறைக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

இனத்துக்கு உரிமம் தேவையா என்று வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. காட்டிலிருந்து பிடித்து வருவது வேண்டவே வேண்டாம்.

அப்புறம், முட்டைப் பை. என் முதல் பெண் பை கட்டியதும் ஆசையில் தினமும் மூடியைத் திறந்து பார்த்தேன். ஒன்பதாம் நாள் பையைக் காணோம். தொந்தரவு தாங்காமல் தானே தின்றுவிட்டது. அடுத்த முறை பெட்டிமேல் கறுப்புத் துணி போர்த்தி, தண்ணீர்க் கிண்ணத்தை மட்டும் நிரப்பிவந்தேன். ஒரு மாதம் கழித்துத்தான் பையை எடுத்துப் பிரித்தேன். உள்ளே வெண்மணிகளுக்குக் கால் முளைத்திருந்தது.